நாகை மீன்வளப் பல்கலைக்கழகம்: தூத்துக்குடியில் தொடங்கிய வரலாறு

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினம். 2012 ஜூனில் இது தொடங்கப்பட்டபோது பெயர் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் என்பதுதான். ஆனால் இதன் தாய்க் கல்லூரிக்கு அப்போதே 35 வயது.

1977-ல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி உருவானபோது அது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. நெல்லையும் கரும்பையும் ஆராய்ந்தவர்களின் நிர்வாகத்தில்தான் மீன்பிடிப்பும் இறால் வளர்ப்பும் பாடமாயின. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கெனச் சென்னையில் தனிப் பல்கலைக்கழகம் அமைந்ததும் கல்லூரி அதன் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. அண்டை மாநிலங்களிலும் இதே கதைதான். 1969-ல் மங்களூரில் தொடங்கிய நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரியும் முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, பிறகு கால்நடைத் துறையோடு சேர்ந்தது. கேரளம் மட்டும் 2010-லேயே கொச்சி பனங்காட்டில் மீன்வளத்துக்கும் கடலியலுக்கும் தனிப் பல்கலைக்கழகம் கண்டுவிட்டது.

தனிப் பல்கலைக்கழகம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. வயலில் விதைத்தது கண்ணுக்குத் தெரியும்; கடலில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். மீனின் தலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு செவிக்கல்லை எடுத்து, அதிலுள்ள வளையங்களை நுண்ணோக்கியில் எண்ணினால் அதன் வயது தெரியும். பிடிபட்ட மீன்களின் வயதும் நீளமும் சேர்ந்தால், குஞ்சுகளையே அள்ளிக்கொண்டிருக்கிறோமா என்பது புலப்படும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தும் 61 நாள் தடைக்காலமும் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டதே. புதுச்சேரியின் மணப்பட்டை அடுத்த மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் போன்ற கடலோர ஊர்களின் மீனவர்களுக்கு இந்த அறிவியல் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

2004 சுனாமியில் தமிழகத்திலேயே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நாகை. பல்கலைக்கழகம் அங்கே அமைந்தது பொருத்தமானது. புதுச்சேரியின் காரைக்காலுக்கும் அது பக்கத்து ஊர். தூத்துக்குடிக் கல்லூரியோடு பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் எம்.ஜி.ஆர். பெயரில் மீன்வளக் கல்லூரிகள் வந்தன. நாகையில் மீன்வளப் பொறியியலும் தொடங்கியது.

பல்கலைக்கழகம் உருவானபோது முதல்வராக இருந்தவர் ஜெயலலிதா. 2016 டிசம்பரில் அவர் மறைந்த பின், அவர் நினைவாகப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் அதன் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். எனவே அதை மாற்ற, சட்டமன்றம் திருத்த மசோதா நிறைவேற்றி ஒப்புதல் பெற வேண்டும். இந்தப் பெயர் மாற்றம் பாடத்திட்டத்தைத் தொடவில்லை. மீன்வளக் கல்வியின் போக்கை உண்மையில் மாற்றியது 2012-ன் சட்டம்தான்: வேளாண்மைக்கும் கால்நடைக்கும் பின்னால் நின்ற ஒரு துறைக்கு அது சொந்தத் துணைவேந்தரையும் சொந்தப் பாடத்திட்டக் குழுவையும் தந்தது.

நான்காண்டு இளநிலை மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு இப்பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைச் சேர்க்கிறது.