முகத்துக்கு வெட்டிவேர் தண்ணி சூப்பர்... ஆனா மூணு நாளுக்கு மேல வேண்டாம்!

சேலம்:

முகம் கழுவியதும் பஞ்சில் நனைத்து துடைத்துக்கொள்ளும் 'டோனர்' தண்ணி ஒரு காலத்தில் பியூட்டி பார்லர் சமாச்சாரம். இப்போது செல்போன் வீடியோ புண்ணியத்தில் பள்ளிபாளையம் தறிப்பட்டறை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறை வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. கடையில் சின்ன பாட்டிலுக்கே சில நூறு ரூபாய் கேட்கிறார்கள். ஒரு நாள் கூலியில் பாதி போய்விடும். அந்த வேலையை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு கைப்பிடி வெட்டிவேர் ஓரளவுக்கு செய்துவிடும் என்பது உண்மைதான்.

ஆனால் வீடியோக்காரர்கள் பாதிப்பேர் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் காய்ச்சும் டோனர், ரசம் மாதிரி. வைத்தால் கெட்டுப்போகும். கடை பாட்டிலில் கெடாமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், நம்முடையதில் அது கிடையாது. சேலம் வெயிலில் ஒரு வாரம் ஜன்னல் ஓரம் வைத்த மூலிகைத் தண்ணியில் கிருமியும் பூஞ்சையும் பெருகி இருக்கும். அதை எடுத்து முகத்தில் தடவினால் பரு போகாது. புதுசா நாலு கொப்புளம் வரும்.

உப்பு தண்ணி பண்ணும் வேலை

முதலில் டோனர் எதற்கு என்று பார்ப்போம். நம் தோலின் மேல்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது. அளவுகோலில் சொன்னால் பி.எச். சுமார் 5. சாதாரண குளியல் சோப்பு 9 முதல் 10 வரை, அதாவது காரம். சோப்பு போட்டு கழுவியதும் முகம் 'வரவர'வென்று இழுப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம்ம ஊர் போர் தண்ணி. காவிரி தண்ணி குடிக்கிறதுக்குத்தான் கட்டுப்படி ஆகிறது. குளிக்க, துவைக்க பல வீடுகளில் போர் தண்ணிதான். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்பு ஜாஸ்தி. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக படிந்திருக்கிறதே, அதுதான். இந்த உப்பும் சோப்பும் சேர்ந்தால் நுரை வராது, பிசுக்குதான் வரும். எத்தனை தடவை கழுவினாலும் அது கொஞ்சம் முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தப் பிசுக்கை துடைத்து எடுக்க, முகத்தை குளிர்ச்சியாக்க, அடுத்து போடும் எண்ணெயோ கிரீமோ நன்றாக பரவ... டோனர் செய்யும் வேலை இவ்வளவுதான். தோலின் துவாரத்தை மூடும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. துவாரத்துக்கு கதவு கிடையாது, மூடித் திறக்க. சிகப்பாக்கும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. டோனர் காய்ச்ச போர் தண்ணி எடுத்தால் கதை முடிந்தது. குடிக்கிற காவிரி தண்ணி, இல்லாவிட்டால் கேன் தண்ணி எடுக்க வேண்டும்.

வெட்டிவேர்தான் நம்பர் ஒன்

பானைத் தண்ணியில் வாசனைக்கு போடுகிற அதே வேர்தான். கடலூர் பக்கம் மணல் பூமியில் பயிர் செய்கிறார்கள். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, கடைவீதி பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். வாசனையே இல்லாத வேர் பழசு.

ஒரு கைப்பிடி வேரை மண் போகும் வரை மூன்று, நான்கு தடவை அலச வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணி நன்றாக கொதித்ததும் வேரைப் போட்டு, அடுப்பை சிம்மில் வைத்து 10 நிமிஷம். பிறகு மூடி போட்டு அப்படியே ஆறவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டினால் லேசான தேன் கலரில் தண்ணி கிடைக்கும். இதில் எலுமிச்சை, உப்பு, சென்ட் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. வேரை நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்தால் இன்னொரு தடவை ஆகும்.

வறண்ட முகம், எண்ணெய் வழியும் முகம் இரண்டுக்குமே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முதல் தடவை முயற்சி பண்ணுகிறவர்கள் இதில் ஆரம்பிப்பது நல்லது.

காப்புக்கட்டு பூவும் உதவும்

பொங்கலுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து காப்புக் கட்டுகிறோமே ஆவாரம்பூ, அதுவும் முகத்துக்கு ஆகும். மேட்டாங்காட்டில், ரோட்டோரத்தில் மஞ்சளாக பூத்துக் கிடக்கும். துவர்ப்புத் தன்மை உண்டு. ஆவாரம்பட்டையை ஒரு காலத்தில் தோல் பதனிட பயன்படுத்தியதும் அந்த துவர்ப்புக்காகத்தான். முகத்தில் எண்ணெய் பிசுக்கு உள்ளவர்களுக்கு பொருந்தும்.

நிழலில் காய்ந்த பூ ஒரு ஸ்பூன், கொதித்து இறக்கிய ஒரு டம்ளர் தண்ணியில் போட்டு மூடி, ஆறியதும் வடிகட்ட வேண்டியதுதான். லாரி போகிற பைபாஸ் ஓரம் பூத்ததை பறிக்காதீர்கள். புகையும் தூசியும் அதில்தான் படிந்திருக்கும்.

பரு உள்ளவர்கள் 10 வேப்பிலை, 10 துளசி இலையை இதே மாதிரி செய்யலாம். ஆனால் வேப்பிலை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வறண்ட முகத்தை இன்னும் வறட்டும். குழந்தைகள் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பன்னீர் ரோஜாவா, பொக்கே ரோஜாவா?

ரோஜா டோனருக்கு வேண்டியது வாசனை தூக்கும், இளம் ரோஸ் கலர் பன்னீர் ரோஜா. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் காலையில் போனால் பார்க்கலாம். ஓசூர் பக்கத்திலிருந்து வரும் நீளக் காம்பு பொக்கே ரோஜா வேண்டாம். அது அழகுக்கு வளர்த்தது, மருந்து அடித்து வளர்ப்பது. வாசனையும் குறைவு. எந்தப் பூவாக இருந்தாலும் இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்ன ஸ்டாண்ட், அதன் மேல் காலி எவர்சில்வர் கிண்ணம். சுற்றிலும் 15 பூவின் இதழ், இதழ் மூழ்கும் அளவுக்கு தண்ணி. மூடியை தலைகீழாக கவிழ்த்து, அதன் மேல் ஐஸ் கட்டி. அடுப்பு சிம்மில் எரிந்தால் ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாக கிண்ணத்தில் விழும். அரை மணி நேரத்தில் அரை டம்ளர் சேரலாம். அந்தக் காலத்து பன்னீரும் இதே கணக்குதான். அடிப்பாத்திரத்தில் தண்ணி வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் பாட்டிலை முகத்துக்கு எடுக்காதீர்கள். அது வாசனைக்கு தயாரித்தது, பலதில் சென்ட்தான் இருக்கும்.

பூ என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பனமரத்துப்பட்டி பக்கம் தோட்டம் தோட்டமாக அரளி இருக்கிறது. ரோஸ் கலரில் பார்க்க அழகாக இருக்கும். செடி முழுக்க விஷம். மாலைக்கு மட்டும்தான், அடுப்புக்கு கொண்டுவரக் கூடாது.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டி ஊர்க்காரர்கள், மஞ்சள் போடாமலா என்று கேட்பீர்கள். டோனரில் வேண்டாம். மஞ்சள் தண்ணியில் கரையாது, அடியில் மண்டிதான் தங்கும், தலையணை உறையெல்லாம் மஞ்சளாகும். கற்றாழை சேர்க்க நினைப்பவர்கள், மடலை வெட்டி 15 நிமிஷம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். அந்தப் பால் பட்டால் அரிக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் கழுவி எடுக்க வேண்டும். கற்றாழை சேர்த்த தண்ணி சீக்கிரம் கெடும், அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

எலுமிச்சை தடவி வெயிலில் போனால்...

வீட்டு அழகுக் குறிப்பில் அதிகம் கெடுதல் செய்வது எலுமிச்சம்பழம்தான். அதன் பி.எச். சுமார் 2. தோலுக்கு அது ஆசிட் மாதிரி. அதைவிட மோசம், எலுமிச்சைச் சாறில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலை சுட்டுவிடும். ஓரிரு நாளில் சிவந்து, கொப்புளம் வந்து, பிறகு கருப்புத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டு மறைய மாதக்கணக்கில் ஆகும். மரவள்ளிக் காட்டில் களை எடுப்பவர்கள், செங்கல் சூளை வேலைக்கு போகிறவர்கள், டூவீலரில் ஊர் சுற்றுகிறவர்கள் எலுமிச்சை கலந்த எந்த டோனரையும் தொடக் கூடாது.

அடுத்து, பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்க பரவிய அந்த வெள்ளைப்பூ களைச்செடி நம்ம காட்டிலும் கரட்டிலும் நிறைய இருக்கிறது. அது பட்டு இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பு வருகிறவர்கள் பலர். செவ்வந்தி, துலுக்க சாமந்தி எல்லாம் அந்தக் குடும்பத்துச் செடிகள்தான். பார்த்தீனியம் அலர்ஜி உள்ளவர்கள் சாமந்திப்பூ டோனர் போட்டால், ஒன்றுக்கு இரண்டாக அரிக்கும்.

அதனால் எந்த டோனராக இருந்தாலும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லை என்றால் முகத்துக்கு போகலாம்.

எந்த டோனர் போட்டாலும் எரியுதா?

சிலருக்கு வெறும் வெட்டிவேர் தண்ணியே எரியும். அப்படியானால் தப்பு டோனரில் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் போடும் கிரீமை பாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்கும் சில சிகப்பழகு கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். போகப்போக தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவக்கும், தண்ணி பட்டாலும் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இந்த கிரீம் பழக்கம் உள்ளவர்கள் திடீரென நிறுத்தினாலும் முகம் வீங்கும். தோல் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

லேபிள் இல்லாத, ஊர் பேர் தெரியாத கிரீமில் பாதரசமும் இருக்கலாம். கேரளாவில் கோட்டக்கல் டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை கவனித்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகு கிரீம் போட்டவர்கள். கிரீமில் இருந்த பாதரசம் கிட்னி வரை போயிருந்தது.

எப்படி வைப்பது, எப்படி போடுவது?

கண்ணாடி பாட்டிலை கொதிக்கிற தண்ணியில் 10 நிமிஷம் போட்டு, ஈரம் போக காயவைத்து, அதில் ஊற்றுங்கள். பிரிட்ஜில் 3 நாள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் காலையில் காய்ச்சியதை ராத்திரிக்குள் முடித்துவிட வேண்டும். அதனால்தான் அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று கொஞ்சமாக காய்ச்சச் சொல்வது. புளிச்ச வாடை, கலங்கல், கொழகொழப்பு இதில் ஒன்று தெரிந்தாலும் நாள் கணக்கு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டிலுக்குள் விரலை விடாதீர்கள், கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி எடுங்கள்.

வேலை முடிந்து வந்து முகம் கழுவி, சுத்தமான துணியில் ஒற்றியதும் டோனரை பஞ்சில் தொட்டு துடைக்கலாம். கண்ணில் படக் கூடாது. முகம் ஈரமாக இருக்கும்போதே மேலே கிரீமோ, வறண்ட முகம் என்றால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டும். தடவாமல் விட்டால் காற்றில் அந்த ஈரம் காயும்போது முகம் முன்பைவிட வறண்டு போகும். பரு உள்ளவர்களுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் ஆகாது, துவாரத்தை அடைக்கும்.

உங்கள் டோனர் நன்றாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் செய்முறையை சொல்லிக்கொடுங்கள். பாட்டிலில் ஊற்றி வாட்ஸ்அப்பில் விற்பதாக இருந்தால், 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மருந்து கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் வேண்டும். தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் நம்பரெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். மூன்று நாளில் கெடும் தண்ணிக்கு இதெல்லாம் கட்டுப்படி ஆகாது.

டோனர் போட்டு அரிப்போ தடிப்போ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வெறும் தண்ணியில் கழுவுங்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது அந்த பாட்டிலையும், வீட்டில் போடும் கிரீம் டப்பாவையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.