சிற்றிலும் லினக்சும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவமும் ஒன்று. தாம் மணலால் இழைத்த சிறுவீட்டைச் சிதைக்க வேண்டாவெனச் சிறுமியர் பாட்டுடைத் தலைவனை வேண்டுவது அதன் பொருள். இசுலாமியப் புலவர் பலரும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளமையின் இம்மரபு நம் மாணவர்க்குப் புதிதன்று. கணினி உலகில் 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் மணற்பெட்டி விளையாட்டுகளை அச்சிற்றிலின் மறுவடிவம் எனலாம். ஆடுவோர் தம் விருப்பப்படி மலையைக் குடையவும் மாளிகை எழுப்பவும் இடந்தருவன இவை. 2009ஆம் ஆண்டு சுவீடனில் மார்க்கஸ் பெர்சன் வெளியிட்ட மைன்கிராப்ட் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

ஒரு விளையாட்டு லினக்சில் இயல்பாக இயங்குகிறது என்பதன் பொருள் யாது? விண்டோசுக்கென ஆக்கிய நிரலையும் 'வைன்' என்னும் மென்பொருளின் துணையால் லினக்சில் ஓட்டலாம். நிரல் விண்டோசிடம் கேட்பனவற்றை லினக்சு அறியும் வகையில் வைன் மாற்றித் தரும். துபாசியை நடுவே நிறுத்திப் பேசுவது போன்றது இது. இயல்பான இயக்கத்தில் துபாசிக்கு இடமில்லை. மூலநிரலே லினக்சுக்கெனத் தொகுக்கப்படுகிறது. நம் முன்னோர் எழுதிய அரபுத்தமிழை இங்கு நினைவுகூரலாம்: மொழி தமிழே, எழுத்து மட்டும் படிப்போர் அறிந்தது.

மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு லினக்சில் தடையின்றி ஓடும். ஜாவா இயக்குபொறி லினக்சுக்கும் உண்டன்றோ? ஆயினும் 2014இல் மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. பழைய கணக்கைப் புதிய கணக்காக மாற்றுவதற்கான கெடு 2023இல் முடிந்தபோது, மாற்றாதிருந்தோர் விலைகொடுத்துப் பெற்ற விளையாட்டையே இழந்தனர். சிற்றிலைச் சிதைக்க இக்காலத்தில் கால்கூட வேண்டுவதில்லை!

ஆதலின் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது லுவான்டி. பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கிய மைன்டெஸ்ட், 2024இல் இப்பெயர் பெற்றது. படைப்பு எனப் பொருள்படும் பின்னியச் சொல்லும், 'லுவா' என்னும் நிரல்மொழியின் பெயரும் கலந்து பிறந்த பெயர் இது. லுவா பிரேசிலில் 1993இல் தோன்றியது. போர்த்துகீசியத்தில் அதற்கு நிலா என்று பொருள். லுவான்டியின் உட்பொறி சி++ மொழியில் அமைந்தது. ஆட்டவிதிகளோ லுவாவில் எழுதப்படுவன. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால், கற்கும் மாணவர் விதியையே திருத்திப் பார்க்கலாம்.

டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே இது கிடைக்கும். கட்டணமில்லை, கணக்கும் வேண்டா. நிறுவியவுடன் ஆட்டம் எதுவும் காணப்படாவிடின் திகைக்க வேண்டுவதில்லை. உள்ளடக்கப் பகுதியில் விரும்பியதைத் தேர்ந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

படம் தடுமாறினால் வரைகலை இயக்கியை முதலில் நோக்குக. அதன் பெயர் எல்எல்விஎம்பைப் எனத் தோன்றின், வரைகலைச் சில்லின் வேலையை மையச் செயலியே சுமக்கிறது என்பது பொருள். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு மெசா தொகுப்பில் கட்டற்ற இயக்கி உண்டு. பழைய கணினியாயின் பார்வை எல்லையைக் குறைக்கலாம். உலகம் முப்பரிமாணமாதலின், எல்லையைப் பாதியாக்கினால் கணிக்கவேண்டிய பரப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும்.

கட்டிய உலகம் முழுவதும் நம் வட்டில் ஒரு கோப்புறையாக இருக்கும். அதனைப் படியெடுத்துச் சென்றால், அதே ஆட்டம் நிறுவப்பட்ட வேறொரு கணினியில் திறக்கலாம். கணினிக்கூடத்தில் ஒன்றை வழங்கியாக வைத்துவிட்டால், இணையமின்றியே வகுப்பு முழுவதும் ஒரே உலகில் கூடிக் கட்டலாம்.