சமையற்கட்டில் நிலைத்த விசுவாசம்

அன்றாட வேலைகளின் நெருக்கடியில் கிறிஸ்தவ விசுவாசத்தைத் தளராமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு, 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் துறவுமடம் ஒன்றின் சமையற்காரர் வாழ்ந்து காட்டிய விடை, கத்தோலிக்கராலும் புராட்டஸ்டன்டினராலும் ஒருசேர மதிக்கப்படுகிறது. லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, படைவீரராகிப் போரில் காயமுற்றுக் கால் ஊனமான நிக்கோலா எர்மான், 1640இல் கார்மேல் சபையில் குருப்பட்டம் பெறாத துறவுச் சகோதரராகச் சேர்ந்து, லாரன்ஸ் என்ற பெயரை ஏற்றார்.

சமையல் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. இருந்தும் வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதைக்கூட இறைவன்மீதுள்ள அன்பிற்காகவே செய்தார். திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, ஊனத்தால் படகிலிருந்த பீப்பாய்கள்மீது உருண்டே நகர நேர்ந்தாலும், அது இறைவனின் காரியம் என்று அவரிடமே ஒப்படைத்துவிட்டு முகஞ்சுளிக்காமல் வேலையை முடித்தார்.

இறைவன் உடனிருக்கிறார் என்ற உணர்வில் எந்நேரமும் நிலைத்திருக்கும் இப்பழக்கத்தை ‘இறைப்பிரசன்னப் பயிற்சி’ என்பர். மனம் அலைந்தால் தன்னை நொந்துகொள்ளாமல் மீண்டும் இறைவனிடம் திரும்புவதே அதன் முறை. கேட்க எளிதாகத் தோன்றும் இதில் நிலைபெறுமுன், லாரன்ஸ் ஏறத்தாழ 10 ஆண்டுகள் கடும் மனவேதனையில் உழன்றார் என்பதை அவரைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

1691இல் அவர் மறைந்தபின், ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்தார். அச்சிறு நூலை ஒரே அமர்வில் முடித்துவிடாமல், நாளுக்கு ஒரு பக்கமாகப் படிப்பதே நல்லது.