ஓடும் வீட்டில் ஒரு தையல் மேஜை

நம்மவர்கள் ரிடையர் ஆனதும் காசி, ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். அமெரிக்கர்களில் பலர் வீட்டையே வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர். அதற்கு என்ஜின் கிடையாது. முன்னால் ஒரு பிக்-அப் வண்டி இழுத்துப் போகும். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. நமது ரயில்வேயின் இன்ஸ்பெக்ஷன் கேரேஜைக் கொஞ்சம் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

2023 ஏப்ரலில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நாஷ்வில்லில் இருந்து கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரத்துக்கு அழைத்துப் போனான். நான் சம்மதித்த காரணம் வேறு. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் பெரிய லோகோ பணிமனை இருந்த ஊர் அது. என் மனைவி வந்தது குவில்ட் பார்க்க. 1991-ல் திறந்த தேசியக் குவில்ட் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 2013-ல் யுனெஸ்கோ அந்த ஊரைக் கைவினைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

குவில்ட் என்றால் வங்காளத்தில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுகிற காந்தாவுக்கு அது தூரத்து உறவு. சிறு துண்டுகளை இணைத்து மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரு துணி; மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள்.

ஏரிக்கரை முகாமில் எங்கள் பக்கத்து இடத்தில் ஒரு தம்பதி டிரெய்லரை நிறுத்தியிருந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அவர் நாற்பது வருஷம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கால் நடக்கும்போதே நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். அம்மையாருக்கோ விரல் மூட்டுகளில் வலி தொடங்கிவிட்டது. அவருடைய தாயார் பாதியில் விட்டுப்போன குவில்ட் சதுரங்கள் ஒரு தகர டப்பா நிறைய இருக்கின்றன. விரல் ஓடும்போதே அவற்றை முடித்துப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு ஓட வேண்டும், இவருக்கு உட்கார வேண்டும். இரண்டு பேருக்கும் காலம் குறைவு.

அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாட்டை நான் ஒரு டைம்டேபிள் போலவே பார்த்தேன். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. எங்கே நிறுத்தினாலும் குறைந்தது மூன்று இரவு தங்குவது. ஓடும்போது மிஷின் வேலை இல்லை. பல மாநிலங்களில் ஓடும் டிரெய்லருக்குள் ஆள் உட்காரவே கூடாது. எனவே முன் வண்டியில் கணவர் பக்கத்தில் அமர்ந்து, காகித அச்சின்மேல் துணியை மடித்து அறுகோணத் துண்டுகளைக் கையால் தைக்கிறார். முகாமில் சாப்பாட்டு மேஜையே தையல் மேஜை. முழுக் குவில்டை அங்கே விரிக்க இடம் ஏது? வழியில் சதுரங்களை மட்டும் முடிப்பது, ஊர் திரும்பியதும் இணைப்பது.

மின்சார விஷயம்தான் என் ஆர்வத்தைக் கிளப்பியது. நம் ரயில் பெட்டியில் அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுழற்றி 110 வோல்ட் எடுத்த காலத்தை நான் அறிவேன். டிரெய்லர் அச்சில் அந்த வசதி இல்லை. உள்ளே 12 வோல்ட் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால் 600 வாட்-மணி. தையல் மிஷின் சுமார் 100 வாட். இன்வெர்ட்டர் இழப்பு போக ஐந்து மணி நேரம் தைக்கலாம். ஆனால் 1200 வாட் இஸ்திரிப் பெட்டி அதே பேட்டரியை அரை மணிக்குள் காலி செய்துவிடும். குவில்ட் வேலையில் ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி வேண்டும் என்பதுதான் சிக்கல்! ஆகவே காட்டுக்குள் தங்கினால் விரல் நகத்தால் மடிப்பை அழுத்திவிட்டு, மின் இணைப்புள்ள முகாமுக்கு வந்த பிறகு மொத்தமாக இஸ்திரி. அங்கேயும் 120 வோல்ட், 30 ஆம்பியர்தான். ஏ.சி., மைக்ரோவேவ், இஸ்திரி மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். எனவே அவர் காபி சூடாக்கும் முன் மனைவியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிக்னல் வாங்காமல் வண்டி நகரக் கூடாது அல்லவா?

எடையும் முக்கியம். இழுவைக் கொக்கியின்மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் ஆடத் தொடங்கும். துணிமூட்டைகளைப் பின் அலமாரியில் திணித்திருந்ததை அச்சுக்கு மேலாகத் தரையில் மாற்றி வைத்ததாகச் சொன்னார். மிஷின், 1933-ல் வெளிவந்த சிங்கர் ஃபெதர்வெயிட் வகை, ஐந்து கிலோதான். அலுமினிய உடம்பு, மடக்கும் பலகை. அந்தக் காலத்து வடிவமைப்பாளருக்கு ஒரு சலாம்.

"பதினோரு டிரான்ஸ்ஃபரிலும் என் தையல் மிஷின் கூட்ஸ் வண்டியில்தான் வந்தது. இப்படி ஒன்று இருந்திருந்தால் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பேன்" என்றாள் என் மனைவி. அந்த அம்மையாருக்கு அவள் காந்தாத் தையலைக் காட்டினாள். மிஷினும் இஸ்திரியும் இல்லாமலே நடக்கும் வேலை என்பதால் அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கிளம்பும்போது தாயாரின் சதுரங்களில் ஒன்பது பாக்கி என்றார்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அன்பர்களே, மனைவிக்குத் தையல் பழக்கம் இருந்தால் ஊசி நூலோடு இரண்டு பழைய பருத்திப் புடவைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கத்தரியை மட்டும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.