வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் எங்கே இடுவது?

இருசக்கர வண்டி இல்லாத வீடு இன்று நம் ஊர்களில் அரிதாகிவிட்டது. பால் கொண்டு செல்பவரும், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்பவரும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு விரையும் பெற்றோரும் அதை நம்பியே நாளைத் தொடங்குகின்றனர். வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்போர் பலர். எஞ்சின் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவோரும் உண்டு. ஆனால் எஞ்சினின் வலிமை முழுவதையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் சங்கிலியை நினைப்போர் மிகச் சிலரே. கடகடவென்று ஓசை எழுந்த பின்னரே அதன் நினைவு வருகிறது. அப்போது மெக்கானிக், "செயின் செட்டையே மாற்ற வேண்டும்" என்கிறார். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது எளிய செலவன்று. (ஸ்கூட்டர் வைத்திருப்போர் இக்கட்டுரையைத் தாண்டிச் செல்லலாம், அவற்றில் பெரும்பாலும் சங்கிலிக்குப் பதில் பெல்ட்டே உள்ளது.)

சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். எஃகுத் தகடு ரப்பரைப் போல் இழுபடுவதில்லை. உண்மையில் நிகழ்வது தேய்மானமே. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் காணப்படும் 428 என்னும் அளவுச் சங்கிலியில், ஒரு மூட்டுக்கும் அடுத்த மூட்டுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இருக்கும். ஒரு சங்கிலியில் 110 மூட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும், மொத்தத்தில் 11 மி.மீ. கூடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் நூற்றுப்பத்து மடங்காகி நம் கண்முன் தொங்குகிறது.

அந்தத் தேய்மானம் எங்கே ஏற்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் மற்ற அனைத்தும் எளிது. சங்கிலியின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் உண்டு. அப்பின்னைச் சுற்றிப் புஷ் எனப்படும் சிறு குழல் இருக்கிறது. அதற்கு வெளியே, பல்சக்கரத்தின் பற்களில் உருண்டு அமரும் உருளை. இந்த அமைப்பை 1880-ஆம் ஆண்டில் வகுத்தவர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹான்ஸ் ரெனால்டு. அதற்கு முந்திய சங்கிலிகளில் பின் மெல்லிய தகட்டின் துளையிலேயே உராய்ந்து விரைவில் தேய்ந்தது. புஷ் வந்த பிறகு அதே சுமை அகன்ற பரப்பில் பரவியது. கோயம்புத்தூரில் இன்று செய்யப்படும் ரோலான் சங்கிலியும் இந்த அமைப்பைக் கொண்டதே.

ஆகவே எண்ணெய் சென்றடைய வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழை இடைவெளியே. நம்மவர் செய்வதோ வேறு. சங்கிலியின் முதுகில், உருளைகளின் நடுவில், தாராளமாக ஊற்றுகின்றனர். அது உருளையை நனைக்கும், பின்னைத் தொடாது. பின்னுக்குச் செல்லும் வழி, உள்தகடும் வெளித்தகடும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் விளிம்புதான். அது இருபக்கமும் உண்டு. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு துளி விழுந்தால் போதுமானது. கீழ்ப்பக்கச் சங்கிலியின் உட்புறத்தில், பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இட வேண்டும். உட்புறத்தில் இட்டால், சங்கிலி சுழலும்போது எண்ணெய் வெளிநோக்கி வீசப்படுகையில் மூட்டுகளின் ஊடாகவே செல்லும். வெளிப்புறத்தில் இட்டால் நேரே சக்கரத்தின்மீதும் நம் உடையின்மீதும் தெறிக்கும்.

இதற்கு ஏற்ற வேளை, வண்டி ஓடி வந்து நின்ற மாலைப் பொழுது. சங்கிலி சற்றுச் சூடாக இருப்பதால் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காலையில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். துடைப்பதா என்று வியப்போர் உண்டு. வெளியே சொட்டச் சொட்ட நிற்கும் எண்ணெய் புழுதியை ஈர்த்துச் சாணைப் பசையாக மாறிவிடுகிறது. துருப் பிடியாதிருக்க மெல்லிய ஈரம் போதும். கிரீஸை அள்ளிப் பூசுவது இதனினும் தீது. அது உள்ளே நுழையாது, புழுதியை மட்டும் பிடித்துவைக்கும். முற்காலத்தில் சிலர் சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, உருக்கிய கிரீஸில் ஊறப்போட்டு எடுத்தனர். சூட்டில் இளகிய கிரீஸ் மூட்டுக்குள் புகுந்ததால் அம்முறை பயன் தந்தது. இன்று அத்தனை பாடு வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் 90 எண் கியர் ஆயில் பல வண்டிகளுக்கு ஏற்றது. சங்கிலிக்கென விற்கும் ஸ்பிரேயும் நன்றே. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் சங்கிலிக்கு இடும் சிக்கனம் மட்டும் வேண்டாம். அதில் கரியும் உலோகத் துகளும் கலந்துள்ளன.

எண்ணெய் இடுமுன் அழுக்கை நீக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் தேய்த்து, துடைத்து, உலரவிட வேண்டும். பெட்ரோல் தீ ஆபத்து நிறைந்தது. பெரிய வண்டிகள் சிலவற்றில் தகடுகளுக்கிடையே சிறு ரப்பர் வளையங்கள் கொண்ட ஓ-ரிங் சங்கிலி இருக்கும். அதன் மூட்டுக்குள் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைக்கப்பட்டுள்ளது. பெட்ரோலும் கம்பித் தூரிகையும் அவ்வளையங்களைக் கெடுத்துவிடும். வளையம் கெட்டால் உள்ளே உள்ள கிரீஸ் வெளியேறும். அதை மீண்டும் அடைக்க வழியில்லை. இத்தகைய சங்கிலிக்கு வெளியே இடும் எண்ணெய், வளையங்கள் உலராதிருக்கவும் துரு ஏறாதிருக்கவுமே.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பொதுவாக ஏறத்தாழ 500 கி.மீ. ஓடியதும் பார்ப்பது நன்று. மழையில் நனைந்தால் அன்றே. மீன் பெட்டி ஏற்றுவோர் கணக்கு வேறு. பனிக்கட்டி உருகி வடியும் உப்பு நீர் சங்கிலியின்மீதே சொட்டுகிறது. அவர்கள் நாள்தோறும் மாலையில் நல்ல நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாரம் ஒருமுறையேனும் எண்ணெய் இட வேண்டும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து நீரை வேறு பக்கம் வடியச்செய்தால் பாதிக் கவலை தீரும். சங்கிலி முழுவதையும் மூடிய கவர் உள்ள வண்டிகளில் புழுதி குறைவு, மறதி அதிகம்! அக்கவரில் ஒரு சிறு ரப்பர் மூடி இருந்தால், அதைத் திறந்து பார்க்கலாம்.

இனி, வீட்டிலுள்ள இளைஞர்கள் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் சங்கிலியில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வேலை விரைவில் முடிகிறதாம்! துணியின் நுனி பல்லில் சிக்கினால் கையை விடுவிக்க நேரமே இராது. சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே சென்ற விரல் துண்டாகிவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்றுங்கள். அப்போதும் விரல் பல்சக்கரத்தின் அருகே செல்லலாகாது. சிறு குழந்தைகளை அவ்விடத்திலிருந்து விலக்கி வையுங்கள். சுழலும் சக்கரத்தைக் கண்டால் அவர்கள் கை நீளாமல் இராது.

எண்ணெய் இட்டாலும் தொய்வு சரியாக இல்லையேல் பயனில்லை. பல சிறிய வண்டிகளில் கீழ்ப்பக்கச் சங்கிலியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மி.மீ. வரை அசைய வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். மிக இறுக்கினால் மூட்டுகளும் சக்கரத்தின் பேரிங்கும் தேயும். மிகத் தொய்ந்தால் சங்கிலி கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். ஓடும் வண்டியில் அது கொடிய ஆபத்து. சக்கரத்தைச் சுழற்றி, எங்கே மிக இறுக்கமோ அவ்விடத்திலேயே அளவைப் பார்க்க வேண்டும்.

பின்பல்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்கு அது விலகினால், இனி எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற்றியே தீர வேண்டும். அப்போது சங்கிலியை மட்டும் மாற்றி, தேய்ந்த பல்சக்கரங்களை விட்டுவைத்தால், அவை புதிய சங்கிலியையும் விரைவில் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்தே மாற்றுக. கிளிப் உள்ள செயின் லாக்கைப் பூட்டும்போது, கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று மெக்கானிக்கின் அருகில் நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.