பூட்டிய மருத்துவமனையும் ஓயாத கால்களும்

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலையில் நோயாளிகளுக்குக் கட்டில் கிடைக்காத நேரம். கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸில், சுரங்கத்தோடு சேர்ந்து முடங்கிப்போன பி.ஜி.எம்.எல். மருத்துவமனையின் கதவுகள் திறந்தன. தன்னார்வலர்கள் தூசியைப் பெருக்கி, துருப்பிடித்த கட்டில்களைத் துடைத்து, அதை கோவிட் மையமாக்கினார்கள்.

கட்டடத்தைத் துடைத்துவிடலாம். ஊர் இழந்த ஏற்பாட்டை அப்படி மீட்க முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்படும்வரை, பாறை வெடிப்பில் அடிபட்டவர், சிலிகா தூசியில் நுரையீரல் கெட்டவர், பிரசவத்துக்கு வந்த மனைவி என எல்லோருக்கும் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. இன்று லைன் வீடுகளின் வாசலுக்கு முதலில் வருவது ஆஷா ஊழியர்தான். நகர்ப்புறத்தில் ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்வரைக்கு ஒருவர். கர்ப்பிணிகள், தடுப்பூசி, காய்ச்சல், காசநோய் எல்லாம் அவர் பொறுப்பு. சிலிகா தூசி காசநோய்க்கு வழிவிடும் என்பதால், சுரங்கத்தில் உழைத்த கிழவரின் இருமலை இந்த ஊரில் அலட்சியப்படுத்த முடியாது. வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலை ரயில் பெங்களூருக்கு அள்ளிச் சென்றுவிடும். பகலில் போனால் பூட்டு. மாலையில் மறுபடி நடக்க வேண்டும்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உழைப்பின் விளைவுக்கு இலக்கணம் வகுத்தது: தீராத அசதி, வேலையின் மீது வெறுப்பு, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். இது நோயல்ல, வேலையிடத்தின் ஓயாத நெருக்கடியால் வருவது என்றது. வேடிக்கை என்னவென்றால், 2005இல் தொடங்கிய திட்டம் ஆஷாக்களை ஊழியர்களாகவே கருதவில்லை. அவர்கள் 'தன்னார்வலர்கள்'. சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். செய்த வேலை இணையதளத்தில் பதிவாகாவிட்டால் அதுவும் குறையும் என்பது கர்நாடக ஆஷாக்களின் நெடுநாள் புகார்.

இதைவிடக் கசப்பானது அக்கம்பக்கம். ஆஷா அதே தெருக்காரர். ஆம்புலன்ஸ் தாமதமானாலும் மருந்து இல்லாவிட்டாலும் ஏச்சு அவருக்குத்தான், அதிகாரிக்கு அல்ல. பணி முடிந்தால் மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். இவர் மறுநாள் அதே குழாயடியில் தண்ணீருக்கு நிற்க வேண்டும். 2020 ஏப்ரலில் பெங்களூரில் கொரோனா கணக்கெடுக்கப் போன ஆஷா தாக்கப்பட்டது பெரிய செய்தியானது. வீட்டு வாசலில் கேட்கும் சுடுசொற்கள் செய்தியாவதில்லை.

அதே ஆண்டு ஜூலையில் சுமார் 42,000 ஆஷாக்கள் கர்நாடகத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது மாதம் 12,000 ரூபாயும் பாதுகாப்புக் கவசமும். 2022 மே மாதம் நாட்டின் ஆஷாக்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் கர்நாடக ஆஷாக்கள் பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஏப்ரலிலிருந்து குறைந்தது 10,000 ரூபாய் என்று அரசு உறுதியளித்ததும் எழுந்து போனார்கள். ஆகஸ்டில், அந்த உறுதிமொழியை நிறைவேற்றச் சொல்லி, மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள்.