முகம் மாறிய வீரன்!

இருபத்திரண்டு வருஷம் போராடி ஒரு பையன் கோப்பை வாங்கினான். ஊரே கூடிக் கொண்டாடியிருக்க வேண்டிய நாள் அது. கொண்டாட்டமும் நடந்தது. ஆனால், ஆதியிலிருந்து அவனோடு கூட வந்தவர்களில் பலரை அன்று காணோம். மூன்று வருஷத்துக்கு முன்பே கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அப்படி என்ன கோபம்?

அவன் முகம் மாறிவிட்டதாம்!

பையனின் பெயர் ஆஷ். அவன் தோளில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் நிறப் பிராணி பிக்காச்சு. திருவொற்றியூர்த் தேரடியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஊர் பேர் தெரியாத பெரியவர்களுக்கு வழி சொல்வதைப் போலப் பொறுமையாக எடுத்துச் சொல்வார்கள்.

யார் இந்தப் பையன்?

ஜப்பானில் சதோஷி தஜிரி என்று ஒருவர். சிறு வயதில் வயல், குளம், புதர் என்று அலைந்து பூச்சி பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. குளம் தூர்ந்து கட்டிடம் எழுந்தது. பூச்சிகள் போன இடம் தெரியவில்லை.

"நாம் அனுபவித்த சுகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டதே!" என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'போக்கிமான்' விளையாட்டு. 1996-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அது கடைக்கு வந்தது. கையடக்கமான ஒரு சின்னப் பெட்டிக்குள் விதவிதமான பிராணிகள். தேடிப் பிடிக்கலாம், வளர்க்கலாம், பழக்கலாம், போட்டிக்கு விடலாம்.

மறு வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அதுவே டி.வி.யில் சித்திரத் தொடராக வந்தது. ஜப்பானியர் இத்தகைய சித்திரப் படங்களை 'அனிமே' என்கிறார்கள். கதாநாயகனுக்குத் தஜிரியின் பெயரையே வைத்து, சதோஷி என்று அழைத்தார்கள். கடல் தாண்டியபோது அவன் ஆஷ் ஆனான். வயது பத்து. போக்கிமான்களைப் பழக்குவதில் யாருக்கும் இளைக்காதவன் ஆகவேண்டும் என்பது அவன் லட்சியம்.

தொடர் பல நாட்டு மொழிகளைப் பேசியது. தமிழும் பேசியது. வடசென்னையில் இன்று முப்பது வயதைத் தாண்டி, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் பலர், ஒரு காலத்தில் வீட்டுப் பாடத்தை மூடி வைத்துவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தவர்கள்தான்.

தோல்வி மேல் தோல்வி

இந்த வீரனிடம் ஒரு விசேஷம். அவன் தோற்றுக்கொண்டே இருப்பான்!

முதல் பெரிய போட்டியில் கடைசி பதினாறு பேருக்குள் வந்தான். அவன் வளர்த்த சாரிஸார்டு என்ற பறவை நாகம் சண்டை போட மறுத்து, களத்திலேயே படுத்துக்கொண்டது. தோல்வி. அடுத்த இரண்டு நாடுகளிலும் எட்டுப் பேருக்குள் வந்து தோல்வி. அதற்கு அடுத்த நாட்டில் நால்வரில் ஒருவன். பிறகு மறுபடியும் எட்டுப் பேருக்குள். நடுவே ஆரஞ்சுத் தீவுகளில் ஒரு கோப்பை கிடைத்ததுண்டு. அதைப் பெரிய கணக்கில் சேர்க்க ரசிகர்களுக்கு மனசில்லை.

2013-ம் ஆண்டில் 'எக்ஸ் ஒய்' என்ற பகுதி ஆரம்பமாயிற்று. பேஷ், பேஷ் என்றார்கள் ரசிகர்கள். ஆஷ் சற்று உயரமாகவும் முகம் கூர்மையாகவும் தெரிந்தான். சண்டைக் காட்சிகள் சினிமாவுக்குச் சவால் விட்டன. பையன் தேறிவிட்டான், இந்தத் தடவை கோப்பை இவனுக்குத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 2016-ம் ஆண்டு ஆகஸ்டில் இறுதிப் போட்டி ஒளிபரப்பாயிற்று. அலேன் என்பவனிடம் ஆஷ் தோற்றான்!

அழுதவர்கள் உண்டு. திட்டியவர்கள் அதைவிட அதிகம். இந்தக் காயத்தின் மேல்தான் அடுத்த அடி விழுந்தது.

"இவன் யாரு?"

2016-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி 'சன் அண்டு மூன்' என்ற புதிய பகுதி தொடங்கியது. ஹவாய்த் தீவுகளைப் பார்த்து உருவாக்கிய அலோலா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. எங்கும் நீலக் கடல், வெள்ளை மணல். கரையைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கும் நம் திருவொற்றியூர்க் கடலோரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒரு கனவு லோகம்.

ஆனால் ஆஷ்? கூர்மையான முகம் போய், உருண்டை முகம். மூக்கு ஒரு புள்ளி. கண்கள் அகலமாக விரிந்துவிட்டன. உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது. சிரித்தால் முகம் முழுவதும் வாய். ஊர் ஊராக நடந்து போராடிய வீரன், பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் வேறு கேட்கிறான்!

உலகமெங்கும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்த வழக்கு நம் ஊர் வரை வந்தது. காலடிப்பேட்டையில் ஒரு வீடு. மாமனுக்கு முப்பது வயதுக்கு மேல். துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றும் லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அக்காள் மகனுக்குப் பத்து வயது.

"இவன் ஆஷே இல்லடா. ஆஷோட தம்பி மாதிரி இருக்கான்!" என்கிறார் மாமன்.

"ஆஷ்தான் மாமா! தொப்பியப் பாரு, கன்னத்துல கோடு பாரு. பிக்காச்சு வேற யார் தோள்ல ஏறும்?"

"நாங்க பார்த்த ஆஷு எப்படி இருப்பான் தெரியுமா?"

"நீ பார்த்த ஆஷு தோத்துக்கிட்டே இருந்தான். இவன் ஜெயிச்சான்!"

மாமன் வாயை மூடிக்கொண்டார்.

ஏன் மாற்றினார்கள்?

வெறும் வேடிக்கைக்காக யாரும் கதாநாயகனின் மூக்கைக் குறைப்பதில்லை. இதில் ஒரு தொழில் கணக்கு இருக்கிறது.

சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சித்திரப் படத்தில் 24-ஐயும் வரைந்தால் கட்டுப்படியாகாது. ஒரே சித்திரத்தை மூன்று முறை காட்டினால் விநாடிக்கு 8 சித்திரம் போதும். 1963-ம் ஆண்டில் ஒசாமு தெசுகா 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் கொண்டுவந்த நாளிலிருந்து ஜப்பானிய டி.வி. சித்திரங்கள் இந்தச் சிக்கன வழியில்தான் நடக்கின்றன. விநாடிக்கு 8 என்றாலும் நிமிஷத்துக்கு 480 ஆகிறது. பேசும்போது வாயை மட்டும் அசைப்பது, நிற்கும்போது அசையாமல் விடுவது என்று எத்தனை சிக்கனம் பிடித்தாலும், ஒரு வாரப் பகுதிக்குச் சில ஆயிரம் சித்திரங்கள் வேண்டும்.

இவ்வளவையும் ஒருவர் வரைய முடியுமா? பலர் வரைகிறார்கள். எல்லார் கையிலும் அதே முகம் வரவேண்டும். அதற்காக, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் முகம் எப்படி இருக்கும் என்று மாதிரித் தாள் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் ஒரு கோடு கூடினால், சித்திரக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கான கோடுகள் கூடும். தையற்காரர் ஒரு சட்டைக்கு ஒரு பொத்தான் கூட வைப்பது பெரிதல்ல. ஐயாயிரம் சட்டைக்கு வைக்கச் சொன்னால்?

கோடு குறைந்தால் அந்த நேரம் அசைவுக்குக் கிடைக்கும். 'சன் அண்டு மூன்' பகுதியின் டைரக்டர் டைகி தோமியாசு. உருவங்களை அமைத்தவர்கள் ஷூஹெய் யசுதா, சதோஷி நகானோ ஆகியோர். அவர்களுடைய ஆஷ் ஓடும்போது உடம்பு முழுவதும் ஓடுகிறது. திடுக்கிட்டால் மயிர்க்கால் வரை திடுக்கிடுகிறது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் பழைய முகம் அழகு. ஓடவிட்டுப் பார்த்தால் புதியது உயிரோடு இருக்கிறது. கோபப்பட்டவர்களில் பலர் கண்டது நிறுத்தி வைத்த படத்தைத்தான்.

இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. 'லூபின்' என்ற திருடனின் கதை 1971 முதல் தொடர்ந்து வருகிறது. பச்சைச் சட்டையில் ஆரம்பித்து, 1977-ல் சிவப்புக்கு மாறினான். 1984-ல் ரோஜா நிறச் சட்டையும் புதிய முகச் சாயலுமாக வந்தபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2005-ல் 'டோரேமான்' தொடரில் குரல் கொடுத்த முக்கியமானவர்களை ஒரேயடியாக மாற்றியபோது, வீட்டுக்கு வீடு பெருமூச்சு.

புல்லட் கதை

ஜப்பான்வரை போவானேன்? திருவொற்றியூரிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது.

1955-ம் ஆண்டில் அமைந்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் எழுந்தது. அங்கிருந்து புறப்பட்ட 'புல்லட்' மோட்டார் சைக்கிளைப் பற்றி இந்த ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருமுனை திரும்பும் முன்பே, சத்தத்தைக் கேட்டு, "புல்லட் வருது" என்று சொல்லிவிடுவார்கள். பழைய புல்லட்டுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக்கு. இரும்பு வார்ப்பு என்ஜின்.

பிறகு காலம் மாறியது. புகைக்குச் சட்டம் வந்தது. இரும்பு என்ஜின் போய், அலுமினிய என்ஜின் வந்தது. கியர் இடது காலுக்குப் போயிற்று. பழைய ஆசாமிகள் கொதித்தார்கள். "இதுக்குப் பேர் புல்லட்டா? அந்தச் சத்தம் எங்கே?" என்றார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. சத்தம் மாறியது உண்மை. ஆனால், எண்ணெய் ஒழுகாமல், உதைத்து உதைத்துக் கால் வீங்காமல், புதிய வண்டியில் ஏறிப்போன இளைஞனுக்கு அதுதான் புல்லட்.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் சித்திரம் என்றால் ஓவியர் சங்கரின் கோடுதான் பலர் நினைவுக்கு வரும். வேறு ஒருவர் வரைந்த வேதாளத்தைக் காட்டினால், "இது வேதாளமே இல்லை" என்று நாமும் சண்டைக்குப் போவோம்.

கவசமும் உள்ளே இருப்பதும்

இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வருஷம் முழுவதும் அவருக்குக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசமில்லாத தரிசனம். மற்ற நாட்களில் வருகிறவர்கள், கவசத்தை மட்டும் கும்பிட்டோம் என்று குறைப்பட்டுக்கொண்டு போவதில்லை.

கடவுளையும் கார்ட்டூனையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. சாமிக்குக் கவசத்தின் உள்ளே ஒரு வடிவம் இருக்கிறது. சித்திரத்துக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? கோடுதானே ஆஷ்? கோட்டை மாற்றினால் ஆளே மாறிவிடவில்லையா?

மாமன் கட்சியின் பலமான வாதம் இதுதான். பதிலை வாதத்தில் தேடாமல் கதையில் தேட வேண்டும்.

உதிர்ந்த இலை

2017-ல் வந்த ஒரு பகுதி. லிட்டன் என்ற தெருப்பூனைக்குட்டிக்கு ஸ்டவுட்லேண்டு என்ற கிழட்டு நாய் துணை. பூனைக்குட்டி ஊரில் திருடிக் கொண்டுவந்து நாய்க்குத் தீனி போடுகிறது. நாய்க்கு வியாதி. ஒரு மரம் இலை உதிர்க்கிறது. ஒரு நாள் நாய் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. 'செத்துவிட்டது' என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கும் குழந்தைக்கு விளங்கிவிடுகிறது.

பூனைக்குட்டி சாப்பிட மறுக்கிறது. யாரிடமும் வர மறுக்கிறது. ஆஷ் அதைப் பிடித்து இழுக்கவில்லை. புத்திமதி சொல்லவில்லை. பக்கத்திலேயே இருக்கிறான். அது தானாக எழுந்து வரும் வரை இருக்கிறான்.

1997-ம் ஆண்டு, தன்னை மதிக்காத பிக்காச்சுவைக் காப்பாற்ற, கொத்த வந்த பறவைக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றானே ஒரு பையன், அவன்தான் இவன். முகம் மாறியிருக்கலாம். மற்றவர் துன்பத்தின் பக்கத்தில் போய் நிற்கும் குணம் மாறவில்லை. உருண்டை முகத்தை முதலில் பரிகாசம் செய்தவர்களிலும் பலர் இந்தப் பகுதியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கோப்பை!

2019-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அலோலாவின் இறுதிப் போட்டி. எதிரே நின்றவன் கிளாடியன் என்ற நண்பன். இருவரிடமும் லைகன்ராக் என்ற ஓநாய். ஆனால் வடிவம் வேறு வேறு. ஆஷின் ஓநாய் கடைசி வரை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த முகத்துக்கும் கிடைக்காத பெரிய கோப்பை, எல்லாரும் பழித்த முகத்துக்குக் கிடைத்தது.

2022-ம் ஆண்டு நவம்பரில் அவன் உலக சாம்பியனும் ஆனான். 2023-ம் ஆண்டு மார்ச்சில் விடைபெற்றுக்கொண்டான். ஏப்ரலில் லிக்கோ என்ற சிறுமி புதிய கதாநாயகியாக வந்தாள். இப்போது காலடிப்பேட்டைப் பையனும் முறையிடுகிறான்: "ஆஷ் இல்லாமப் போக்கிமானா?"

அவனுக்கும் கீழே, நாலு வயதுத் தங்கை ஒருத்தி லிக்கோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த முதல் முகம் அது.

முகத்தைப் பறிகொடுத்தவனின் வருத்தத்தைக் கேலி செய்யக் கூடாது. பத்து வயதில் பழகிய முகம், பழகிய சத்தம், பழகிய தெரு எல்லாம் நம் கணக்கில் சேர்ந்த சொத்து. அதேபோல, இன்று பத்து வயதில் இருப்பவனின் சொத்தையும் போலி என்று தள்ளக் கூடாது. பூச்சி பிடிக்கும் சுகம் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்த ஒருவரால்தானே இந்தக் கதையே பிறந்தது?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பார்க்கும் சித்திரம் உங்களுக்குக் கோணலாகத் தெரிந்தால், உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பகுதி முழுவதையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.